டிஸ்க்குகளுக்கு ஊர்ப்பெயர் வைத்தவள்

அபிதா என்ன வேலை பார்க்கிறாள் என்று ஓடைப்பட்டியில் அவள் தெருவில் யாரைக் கேட்டாலும் ‘ஸ்கேன் எடுக்கிற பிள்ளை’ என்பார்கள். அவள் ஒரு நாள்கூட ஸ்கேன் எடுத்ததில்லை. கம்பத்தில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரின் பின்னறையில், எடுத்த படங்கள் எல்லாம் தங்கியிருக்கும் கம்ப்யூட்டருக்குக் காவல் இருப்பதுதான் அவள் வேலை. இதைப் பலமுறை விளக்கிப் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் அவளும் ‘ஆமா, ஸ்கேன் எடுக்கிறேன்’ என்று சொல்லப் பழகிவிட்டாள்.

அப்பா அழகுமலை திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போகிறவர். அம்மா பிச்சையம்மாள் விடியும் முன்பே ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போய்விட்டு, இருட்டும் நேரத்தில் கையில் ஏலக்காய் மணத்தோடு திரும்புகிறவள். இருவர் வீட்டுப் பக்கத்திலும் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அபிதாதான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். முதல் வருஷம் லேபில் ஒரு கேள்வி கேட்டாள். என்ன கேட்டாள் என்பது மறந்துவிட்டது, பின்வரிசையில் எழுந்த சிரிப்பு மட்டும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எதையும் யாரிடமும் கேட்பதில்லை. தானே தேடிப் படிப்பாள், செய்து பார்ப்பாள், மறுபடி படிப்பாள். கேட்டால் தெரியாதது வெளியே தெரிந்துவிடும் என்ற பயம், ‘அபிதா யார் உதவியும் இல்லாமல் கற்றுக்கொள்பவள்’ என்ற நல்ல பெயராக மாறிப்போயிருந்தது. அந்தப் பெயரை அவளும் நம்பத் தொடங்கியிருந்தாள்.

அந்தக் கம்ப்யூட்டர் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கழித்துக்கட்டியது. அதைக் கொண்டுவந்து நிறுவிக் கொடுத்தவர் முத்துராஜா என்ற மதுரைக்காரர். கூடவே ஒரு இரும்புப் பெட்டி, அதில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்த ஆறு டிஸ்க்குகள். இரண்டிரண்டாக ஜோடி; கடைசி ஜோடி மட்டும் அவர் பின்னால் சேர்த்தது. ஜோடியில் ஒன்றில் எழுதப்படுவது அப்படியே மற்றொன்றிலும் எழுதப்படும். ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். ஆறையும் மேய்க்க ஒரு மென்பொருள் உண்டு. இது போதாது, வேறொரு இடத்திலும் நகல் வேண்டும் என்று அபிதா இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தாள். மேலாளர் ஷானவாஸ் “பாப்போம்மா” என்று சொல்லியிருந்தார்.

உத்தமபாளையத்து ருக்சானாவின் தலை அந்த ஆறு டிஸ்க்குகளில் கடைசி ஜோடியில் இருந்தது.

ருக்சானா தையல்காரி. முப்பத்தெட்டு வயது. நாலு வருஷத்துக்கு முன்னால் தலைசுற்றல் என்று வந்து ஸ்கேன் எடுத்தபோது மூளையின் வலது பக்கம் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு நிழல் தெரிந்தது. வருஷம் தவறாமல் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். தலைசுற்றல் நின்றுபோனதால் அவள் எடுக்கவில்லை. இப்போது தலைவலி. சென்ற வாரம் எடுத்த புதுப் படத்திலும் நிழல் இருந்தது. மதுரை டாக்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பழைய படம் எங்கே? அன்றைக்கு இருந்த அளவிலேயே இருந்தால் தொட வேண்டாம், விட்டுவிடலாம். வளர்ந்திருந்தால் திறந்து எடுத்தாக வேண்டும். திங்கட்கிழமை பழைய படத்தோடு வாருங்கள். பழைய ஃபிலிம் வீட்டில் கூரை ஒழுகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. பழைய ரிப்போர்ட்டில் ‘சிறிய நிழல்’ என்று மட்டும் இருந்தது, அளவு இல்லை.

புதன்கிழமை படம் கேட்டு ருக்சானா சென்டருக்கு வந்தபோது அபிதா லீவு. எஸ்டேட்டில் வழுக்கி விழுந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு சின்னமனூர் ஆஸ்பத்திரியில் நின்றிருந்தாள். ஷானவாஸ் போன் செய்தார்.

“அபிதா, பொட்டில ஒரு செவப்பு லைட்டு எரியுதும்மா. ஸ்கிரீன்ல என்னமோ வண்டி நம்பர் கணக்கா வருது.”

“எந்த டிஸ்க்குண்ணே?”

“அதத்தான நான் ஒங்கிட்டக் கேக்குறேன். எழுத்து, நம்பரு, எழுத்து, நம்பரு, முடிவே இல்லாமப் போகுது. கேரளா வண்டியா நம்மூரு வண்டியான்னு தெரியல.”

“பின்னாடி ஒயர எல்லாம் ஒருக்கா அழுத்திவிடுங்கண்ணே.”

அழுத்தியதும் சிவப்பு அணைந்தது. தளர்ந்த ஒயர்தான். ஆனால் பயந்துபோன ஷானவாஸ், ‘அந்தப் பிள்ளை வரட்டும், சனிக்கிழமை வாங்க, சிடி போட்டுத் தருவாக’ என்று ருக்சானாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அபிதாவுக்கு அது உறுத்தியது. தான் இல்லாத நாளில் எந்த டிஸ்க் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அந்த மென்பொருளில் டிஸ்க்குகளின் பெயரை மாற்றும் வசதி உண்டு என்று அவள் படித்திருந்தாள். ஒயர் எந்த வழியாகப் போகிறது என்பதைச் சொல்லும் நீண்ட எண்களுக்குப் பதிலாக, பெட்டியில் இருக்கும் வரிசைப்படி நாமே பெயர் கொடுக்கலாம். என்ன பெயர் கொடுப்பது என்று அவள் அதிகம் யோசிக்கவில்லை. லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி. பெரியாற்றுத் தண்ணீர் இறங்கி வருகிற வரிசை. இந்தப் பள்ளத்தாக்கில் இதை யாரும் மாற்றிச் சொல்லமாட்டார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மேலேயிருந்துதான் தொடங்குவார்கள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஷானவாஸும் மற்றவர்களும் ஜும்மாவுக்குக் கிளம்பினார்கள். இரண்டு மணி வரை சென்டர் சும்மா கிடக்கும். அபிதா பின்னறையில் உட்கார்ந்தாள். ருக்சானாவின் சிடியை முதலில் எழுதிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. பத்து நிமிஷ வேலை. ஆனால் ஆள் இல்லாத இந்த நேரம் கைவிட்டுப் போய்விடும், சிடியை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒதுக்கினாள். பிறகு எத்தனையோ நாள் அவள் திரும்பிப்போய் நின்றது அந்தப் பத்து நிமிஷத்தின் வாசலில்தான்.

ஆறு ஸ்டிக்கர் எழுதிப் பெட்டியில் மேலிருந்து கீழாக ஒட்டினாள். உச்சியில் லோயர் கேம்ப், அடியில் வீரபாண்டி. மென்பொருளில் முதல் இடத்துக்கு லோயர் கேம்ப், ஆறாவது இடத்துக்கு வீரபாண்டி என்று கொடுத்தாள். அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் இடங்களை அடியிலிருந்து மேலாக எண்ணியிருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. முதல் இடம் கீழே இருக்கக்கூடும் என்ற சந்தேகமே அவளுக்கு வரவில்லை.

பெயர் மாற்றி முடித்ததும் பட்டியலைக் கேட்டாள். முதல் நான்கு ஊரும் நலம். சின்னமனூர், வீரபாண்டி இரண்டுக்கும் எதிரே ‘ஃபெயில்டு’ என்று வந்தது. அதற்குப் பக்கத்தில், முன்பு இன்ன இடத்தில் இருந்தது என்று பழைய எண் ஒன்று. அவள் கண்ணுக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த எண்ணை அவள் படித்தாள், ஆனால் அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

முத்துராஜாவின் நம்பர் போனில் இருந்தது. பெயரைத் திரையில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறு வழியில்லாமல் ஒரே ஒருமுறை கேட்டபோது, “இதுகூடத் தெரியாம அங்கன என்னம்மா பண்ணுற?” என்று சிரித்திருந்தார். கெடுதலாகச் சொன்னதில்லை. ஆனாலும் போனைக் கவிழ்த்து வைத்தாள். புதன்கிழமை சிவப்பு எரிந்ததே, அப்போதே இவை சாகக் கிடந்திருக்கின்றன என்று தனக்குத் தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள்.

செத்த டிஸ்க்கை மாற்ற அவளுக்குத் தெரியும். ஒருமுறை செய்திருக்கிறாள். ஜோடியில் இரண்டுமே போயிருந்தாலும், உருவியதைப் பத்திரமாக வைத்து மீட்பவர்களிடம் கொடுத்தால் உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். இரண்டு உபரி டிஸ்க் இருந்தது. சின்னமனூர், வீரபாண்டி என்று ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டையும் உருவினாள், அந்த இடத்தில் உபரியைச் சொருகினாள். அடுத்தது துடைப்பது. உபரி டிஸ்க்குகளும் மதுரையில் பழசாக வாங்கியவை. யார் யாரோ நோயாளிகளின் படங்கள் அதில் மிச்சமிருக்கும். இன்னொருவர் உடம்பு நம் பெட்டிக்குள் கிடக்கக் கூடாது, முதலிலிருந்து கடைசிவரை சைபர் எழுதித் துடைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும் என்று அவளே ஒரு விதி வைத்திருந்தாள். யாரும் கேட்காமலே வைத்த விதி. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சின்னமனூரைத் துடை என்றாள். வீரபாண்டியைத் துடை என்றாள். நிச்சயமா என்று மென்பொருள் இரண்டு முறையும் கேட்டது. ஆம், ஆம்.

தொழுகை முடிந்து வந்த ஷானவாஸ் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, மொகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு?”

“ரெண்டு டிஸ்க் போயிருச்சுண்ணே. மாத்திட்டேன்.”

“மாத்திட்டேல்ல? பெறகென்ன.” அவர் ஸ்டிக்கர்களைப் பார்த்துவிட்டார். “அட, நம்ம வீரபாண்டி! சித்திரைத் திருவிழாவுக்கு லீவு கேக்குமோ?”

அபிதா சிரித்தாள். மூன்று மணிக்கு ஒருமுறை வந்து பார்த்தபோது பெட்டியின் உச்சியில் இருந்த இரண்டு டிஸ்க்கின் விளக்குகளும் விடாமல் துடித்துக்கொண்டிருந்தன. அடியில் புதிதாகச் சொருகிய இரண்டும் அமைதியாக இருந்தன. மேலே இருப்பவை முன்னறையில் சேர்ந்துவிட்ட கூட்டத்துக்குப் படம் எடுத்துக்கொடுத்து உழைக்கின்றன என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்து மணிக்கு சென்டரின் டாக்டர், போன மாதத்துப் படம் ஒன்று திறக்கவில்லை என்று சொல்லியனுப்பினார். அவள் பட்டியலை மறுபடி கேட்டாள். லோயர் கேம்ப் இல்லை. கூடலூர் இல்லை. பெட்டியைப் பார்த்தாள். லோயர் கேம்பும் கூடலூரும் உச்சியில் அசையாமல் இருந்தன. அவள் கையே வைக்காத இடத்தில் டிஸ்க் இல்லை என்கிறது மென்பொருள். சற்று முன்வரை துடித்துக்கொண்டிருந்த அந்த விளக்குகள் இப்போது ஓய்ந்திருந்தன. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மென்பொருளின் லோயர் கேம்ப் அடியில் இருக்கிறது. வீரபாண்டி உச்சியில் இருக்கிறது. அவள் உருவி மேஜையில் வைத்திருந்தவை நல்ல நிலையில் இருந்த முதல் ஜோடி. பெட்டிக்குள் இருந்த கடைசி ஜோடியைத்தான் அவள் சைபர் எழுதித் துடைத்திருக்கிறாள். துடைத்து முடிந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

இப்போது முத்துராஜாவைக் கூப்பிட்டாள்.

“பேரு மாத்துனியா?” என்றார் அவர், அவள் பாதி சொல்லும்போதே.

“ஆமாண்ணே.”

“அது ஃபெயிலே இல்ல தாயி. அந்தக் கடைசி ரெண்டும் நான் பெறகு சேத்தது, பழைய மொறையில. பேரு மாறுனதும் பழைய எடத்துல போயித் தேடிருக்கும். ஆளக் காணோம்னு சொல்லிருக்கும். திரும்ப ஒட்டுன்னு ஒத்த கமாண்டுதான். அஞ்சு நிமிசத்துல எந்திரிச்சிரும். நான் சொல்லச் சொல்ல அடி.”

“அதுல இப்ப ஒண்ணுமில்லண்ணே.”

“என்ன ஒண்ணுமில்ல?”

“சைபர் எழுதிட்டேன்.”

“ரெண்டுலயுமா?”

“ரெண்டுலயும்.”

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

உருவிய முதல் ஜோடியை அதனதன் இடத்தில் சொருகி, அவர் சொன்ன அந்த ஒற்றைக் கமாண்டைக் கொடுத்தாள். லோயர் கேம்ப் நலம், கூடலூர் நலம் என்று வந்தது. போன மாதத்துப் படம் திறந்தது. முன்னறையிலிருந்து ஷானவாஸ், “வந்துருச்சும்மா!” என்று கத்தினார். இவ்வளவுதான் வேலை. மத்தியானம் இதே இடத்தில் இதே விரலால் இதே எழுத்துகளை அடித்திருந்தால் கடைசி ஜோடியும் இப்படித்தான் எழுந்து வந்திருக்கும். முன்பு இடம் போதாமல் போனபோது முதல் மூன்று வருஷத்துப் படங்களை எல்லாம் முத்துராஜா அந்தக் கடைசி ஜோடிக்குத்தான் மாற்றியிருந்தார். கைமுறிவு, கர்ப்பம், நெஞ்சுச் சளி என்று ஆயிரக்கணக்கான உடம்புகள். அதில் பெரும்பாலானவற்றை இனி யாரும் தேடப்போவதில்லை. ஒன்றைத் தேடி நாளைக் காலையில் ஆள் வரும்.

வீட்டில் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

“என்னாத்தா, சோறு எறங்கலையா?”

“ஒருத்தகளுக்குப் பெரிய தப்புப் பண்ணிட்டேம்மா.”

“ஊசிய கீசிய மாத்திப் போட்டுட்டியா?”

“நான் ஊசி போட மாட்டேம்மா. படத்த அழிச்சுப்புட்டேன்.”

“படந்தான? மறுபடி எடுத்துட்டாப் போச்சு.”

“நாலு வருசத்துக்கு முந்துன தலைய இப்ப எப்பிடிம்மா எடுக்குறது?”

பிச்சையம்மாளுக்கு அது விளங்கவில்லை. மகளின் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசத்தை ஊற்றினாள். படிக்காதவள் அல்லவா, அவளுக்கு எப்படி விளங்கும் என்று அபிதாவுக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அவளையே அது சுட்டது. விளங்கியவள் செய்த காரியம்தானே இது. ஷானவாஸ் அண்ணனுக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் பெயரை மாற்றினேனா? இல்லை, பெட்டியைப் பார்த்து நாலு பேர் அசந்துபோகட்டும் என்றா? அவளுக்கே தெரியவில்லை. கேட்கத் தெரியாத குறையைத்தான், தானே கற்றுக்கொள்ளும் திறமை என்று இத்தனை வருஷம் அழைத்துக்கொண்டிருந்தோமே என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து, அழிந்ததை மீட்டுத் தருவதாக விளம்பரம் செய்யும் ஒவ்வொரு இடத்துக்கும் போன் செய்தாள். கீழே விழுந்த டிஸ்க்கா, எரிந்ததா, தண்ணீர் புகுந்ததா என்று எல்லோரும் ஆவலாகத்தான் கேட்டார்கள். முழுக்க சைபர் எழுதியது என்றதும் குரல் இறங்கிவிடும். சென்னைக்காரர் ஒருவர் மட்டும் பொறுமையாகச் சொன்னார்: “கொண்டுவராதீங்க மேடம். அலைச்சல்தான் மிச்சம்.”

“சர்வர் கோளாறுன்னு சொல்லிருவம்மா,” என்றார் ஷானவாஸ். “பொய்யில்லையே, கோளாறுதான?”

“கோளாறு சர்வர்ல இல்லண்ணே.”

“ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளப்பின்ன ஒன்னய ஒரு எடத்துல வேலைக்குச் சேக்க வேணாமா?”

பத்தரைக்கு ருக்சானா அண்ணன் ஷரீப்போடு வந்தாள். கம்பத்துக்கு வந்ததோடு வந்ததாகத் துணி வாங்கியிருந்தாள் போல, மடியில் ஒரு பெரிய பை.

“என்ன தாயி, சிடி ரெடியா? சீக்கிரம் குடு. ரெண்டு ஜாக்கெட்டு இன்னைக்குத் தச்சுக் குடுக்கணும், அந்தப் பொண்ணு நேத்திருந்து நச்சரிக்கிறா.”

“அக்கா, ஒங்க பழைய படம் இல்லக்கா. நான் அழிச்சுட்டேன்.”

முன்னால் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்களில் இது இல்லை. ஆனால் இதுதான் வந்தது.

“தேடிப் பாரு. ருக்சானா பீவின்னு இருக்கும். சில பேரு ருக்சானான்னு மட்டும் எழுதுவாக.”

“தேடுறதுக்கு அங்கன எதுவும் இல்லக்கா. நேத்து டிஸ்க்க மாத்தையில நல்லத கெட்டதுன்னு நெனச்சுத் தொடச்சுட்டேன். என் தப்புத்தான்.”

ஷரீப் எழுந்தார். “என்னம்மா இவ்வளவு சாதாரணமாச் சொல்ற? அந்தப் படத்த வச்சுத்தான் தலையத் தொறக்குறதா வேணாமான்னு சொல்வாக. ஒனக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும்ண்ணே.”

“தெரிஞ்சுமா?”

“அண்ணே, சும்மா இரு,” என்றாள் ருக்சானா. பிறகு அபிதாவைப் பார்த்து, ஏதோ அளவு சரிபார்ப்பவள் மாதிரி நிதானமாகக் கேட்டாள். “அப்ப அது வளந்திருக்கா வளரலையான்னு யாருக்குமே தெரியாதா?”

“தெரியாதுக்கா.”

“ஒனக்குமா?”

“எனக்கும் தெரியாது.”

“நீ பாத்ததே இல்லையா அந்தப் படத்த?”

அபிதா பார்த்ததில்லை. அதைப் பத்திரமாக வைத்திருப்பது மட்டும்தான் அவள் வேலையாக இருந்தது.

திங்கட்கிழமை மதுரை டாக்டர், பழைய படம் இல்லாமல் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். ஆறு மாதம் காத்திருந்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம், ஆனால் அது வளர்கிற ஜாதியாக இருந்தால் அந்த ஆறு மாதம் ஆபத்து. இல்லையென்றால் இப்போதே எடுத்துவிடலாம். முடிவு உங்களுடையது. ஷரீப் போன் செய்து இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் தீர்ந்துபோயிருந்தது. “ஆபரேஷனுக்கு எழுதிக் குடுத்துட்டோம், இருபத்திரண்டாந் தேதி. பயந்துக்கிட்டே ஆறு மாசம் இருக்க முடியாதுன்னுட்டா.” அவ்வளவுதான். அபிதா “சரிண்ணே” என்றாள். வைத்த பிறகுதான் அந்தச் ‘சரி’ எவ்வளவு கேவலமாக இருந்தது என்று தோன்றியது.

வேலையை விடுவதாக அவள் எழுதிக் கொடுத்த தாளை ஷானவாஸ் வாங்கிக்கொள்ளவில்லை. வேறு ஆள் இல்லை என்றார். அவளும் இரண்டாம் முறை கொடுக்கவில்லை. வீட்டில் வேறு வழி இல்லை என்பது ஒரு காரணம். தான் போய்விட்டால் நடந்ததைத் தெரிந்தவர் யாரும் அந்தப் பின்னறையில் இருக்கமாட்டார்கள் என்பது இன்னொரு காரணம். இரண்டாவது காரணம் உண்மையா, முதலாவதை மூடப் போர்த்தியதா என்று இன்றுவரை அவளால் தீர்மானிக்க முடியவில்லை. வெளியிடத்தில் வைக்க ஒரு நகல் வந்தது. கேட்டு இரண்டு வருஷமாக வராதது இரண்டு நாளில் வந்தது. ஸ்டிக்கர்களைக் கிழித்துவிட்டு ஒன்று முதல் ஆறு வரை வெறும் எண்ணை எழுதினாள், கீழிருந்து மேலாக.

ஆபரேஷன் நடந்தது. எடுத்ததைச் சோதித்துவிட்டு, மெதுவாக வளர்கிற ஜாதி என்றார்கள். எடுக்காமல் விட்டிருந்தால் பத்து வருஷம் அப்படியே இருந்திருக்குமா என்று ஷரீப் கேட்டதற்கு, இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம் என்றாராம் டாக்டர். இனி அதற்குப் பதில் கிடையாது.

இரண்டு மாதம் கழித்துத் தொடர் ஸ்கேனுக்கு ருக்சானா வந்தாள். முக்காட்டை நெற்றிவரை இழுத்து விட்டிருந்தாள். இடது கை மடியில் கிடந்தது. பிசியோதெரபி போய்க்கொண்டிருக்கிறாள். விரல்கள் பாதி மடங்குகின்றன. துணியைப் பிடித்து ஊசிக்குக் கீழே தள்ளிக்கொடுக்கிற கை அது. மெஷினை மூடிப் போட்டு வைத்திருப்பதாக ஷரீப் முன்னறையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

ஸ்கேன் முடிந்து படம் வந்ததும் அபிதா சிடி எழுதினாள். எழுதியதைத் திறந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். இப்போதெல்லாம் அவள் பார்க்காமல் கொடுப்பதில்லை. மொச்சைக்கொட்டை இருந்த இடத்தில் ஒரு கறுப்பு ஓட்டை இருந்தது.

அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“இதையும் இங்கன வைப்பீகளா?” என்று கேட்டாள் ருக்சானா.

“வைப்போம்க்கா. இப்ப வெளிய ஒரு நகலும் இருக்கு. முன்ன மாதிரி இல்ல.”

“அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு ரெண்டா எழுதிக் குடு.”

குரலில் கோபம் இல்லை. கடையில் இன்னொரு கண்டு நூல் கேட்பதுபோல் கேட்டாள். அபிதா உள்ளே போய் இன்னொன்று எழுதி, அதையும் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்து எடுத்துவந்தாள். ருக்சானா வலது கையை நீட்டி இரண்டையும் வாங்கினாள். பையின் வாயை விரிக்க இடது கை வரவில்லை. அபிதா குனிந்து விரித்துப் பிடித்தாள்.

“விடு, அண்ணன் பாத்துக்கிருவாக,” என்றாள் ருக்சானா.

அபிதா கையை எடுத்துக்கொண்டாள்.